உங்கள் கடையின் இணைய முகவரி யார் பேரில் இருக்கிறது?

டொமைன், ஹோஸ்டிங், வெப்சைட் என்று ஊருக்குள்ளேயே தொழில் செய்யும் வெப் நிறுவனங்கள் உண்மையில் எதை விற்கின்றன? அவை அனுப்பும் அறிவிப்புகளுக்கு என்ன பொருள்? பணம் கட்டும் முன் எதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

“அண்ணாச்சி, சைட்டுக்கு ரினிவல் வந்திருக்கு. இந்த வாரத்துக்குள்ள கட்டிட்டா நல்லது.”

“போன வருஷம்தானே தம்பி கட்டுனோம்?”

“அது போன வருஷத்துக்கு. டொமைன், ஹோஸ்டிங் ரெண்டும் சேர்த்து நாலாயிரத்தி எழுநூறு வருது. ஜிஎஸ்டி தனி.”

“சரி, தீபாவளி வியாபாரம் முடியட்டும், பார்ப்போம்.”

விருதுநகர், சிவகாசிப் பக்கம் இந்தப் பேச்சு இப்படி நடக்கும். ஊருக்கு ஊர் விளிப்பும் தொகையும் மாறும். கேட்கப்படாமல் போகும் கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. இந்தப் பணம் எதற்கு? எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும்? தேதி தாண்டினால் என்ன ஆகும்? எல்லாவற்றுக்கும் மேலாக, கடையின் பெயர் தாங்கிய அந்த முகவரி பதிவேட்டில் யார் பேரில் இருக்கிறது? தம்பியும் சொல்லவில்லை, அண்ணாச்சியும் கேட்கவில்லை.

நம் சிறு நகரங்களில் வெப் தொழில் முகம் பார்த்த நம்பிக்கையில் ஓடுகிறது. அந்த நம்பிக்கை விலைமதிப்புள்ளது. ஆனால் அதற்குத் துணையாக ஒரு காகிதமும் இருந்தாக வேண்டும். வேலை ஊர் நிறுவனத்தின் கையில் இருக்கட்டும். பெயர் உங்கள் பேரில் இருக்கட்டும். இந்த இரண்டும் ஒன்றாக நடக்க முடியும், நடக்க வேண்டும்.

ஒரே பில்லில் நான்கு சரக்கு

பேருந்து நிலையத்துக்கு எதிரே, மொபைல் கடையின் மேல்மாடியில், ‘வெப் டிசைன், டொமைன், ஹோஸ்டிங், பல்க் எஸ்எம்எஸ், டிஜிட்டல் மார்க்கெட்டிங்’ என்று பலகை வைத்த அலுவலகத்தைப் பார்க்காதவர் குறைவு. உள்ளே மூன்று, நான்கு பேர் வேலை செய்வார்கள். அவர்கள் தரும் கொட்டேஷனில் ‘வெப்சைட்’ என்று பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும். அந்த வரிக்குள் டொமைன், ஹோஸ்டிங், வடிவமைப்பு, பராமரிப்பு என்று நான்கு சரக்குகள் அடங்கியிருக்கின்றன. நான்கும் வெவ்வேறு இடத்திலிருந்து வருகின்றன. ஒன்றுக்குக் காசு கட்டியதால் மற்றொன்று உயிரோடு இருக்கும் என்று சொல்ல முடியாது.

முதலில் டொமைன். டாட் காம் பெயர்களின் மூலப் பதிவேடு வெரிசைன் என்ற அமெரிக்க நிறுவனத்திடம் இருக்கிறது. டாட் இன் பதிவேடு நம் நாட்டின் நிக்ஸி அமைப்பிடம். இவர்கள் நேராகக் கடைக்காரரிடம் விற்பதில்லை. இவர்களுக்குக் கீழே அங்கீகாரம் பெற்ற ரெஜிஸ்ட்ரார்கள். அவர்களுக்குக் கீழே ரிசெல்லர்கள். மேல்மாடி அலுவலகம் பெரும்பாலும் ஒரு ரிசெல்லர். பவின், திவ்யாங்க் துராக்கியா சகோதரர்கள் 1998-ல் தொடங்கிய டைரக்ட்டி நிறுவனத்துக்கு இந்த ஏற்பாட்டை இந்தியாவில் பரவலாக்கியதில் பெரிய பங்கு உண்டு. அதன் ரிசெல்லர்கிளப் போன்ற சேவைகளை 2014-ல் என்டியூரன்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் வாங்கியது. ஒரு கணக்கும் கொஞ்சம் முன்பணமும் இருந்தால் எந்த ஊரிலிருந்தும் டொமைன் விற்கலாம் என்ற நிலை அப்படி வந்ததுதான்.

டாட் காம் பெயர் ஒன்றுக்கு வெரிசைன் வாங்கும் மொத்த விலை 2024 செப்டம்பர் 1 முதல் ஆண்டுக்கு 10.26 டாலர். நம் பணத்தில் ஏறக்குறைய 900 ரூபாய். ஆகவே ‘டாட் காம் 99 ரூபாய்’ என்று விளம்பரம் வந்தால், முதல் ஆண்டு கைக்காசைப் போட்டு அடுத்த ஆண்டுகளில் எடுத்துக்கொள்ளும் கணக்கு அது. டொமைன் வாங்கும்போது கேட்க வேண்டிய விலை ரினிவல் விலைதான்.

டாட் இன் பெயர்கள் 1992 முதல் 2004 வரை மொத்தமே சுமார் 7,000 தான் பதிவாகின. கட்டுப்பாடுகள் அப்படி. 2005-ல் விதிகள் தளர்ந்து யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்றான பிறகுதான் அது சாதாரணக் கடைக்காரருக்கும் எட்டியது. தமிழ் எழுத்திலேயே முகவரி வேண்டுமென்றால் ‘.இந்தியா’ உண்டு. இலங்கைக்கு ‘.இலங்கை’, சிங்கப்பூருக்கு ‘.சிங்கப்பூர்’. மூன்று நாடுகளின் பதிவேட்டில் தமிழுக்கு இடம் கிடைத்திருக்கிறது. நம் ஊர் நிறுவனங்கள் இதையும் வாடிக்கையாளரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது ஹோஸ்டிங். சைட்டின் பக்கங்கள், படங்கள், மெயில் எல்லாம் இரவு பகலாக ஓடும் ஒரு சர்வரில் இருக்க வேண்டும். அந்த சர்வர் மேல்மாடியில் இல்லை. சென்னையிலோ மும்பையிலோ சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ ஒரு டேட்டா சென்டரில் இருக்கிறது. ஊர் நிறுவனம் அங்கே ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து, சிபேனல் போன்ற மென்பொருளால் அதைப் பல கணக்குகளாகப் பிரித்து விற்கிறது. இதுதான் ஷேர்டு ஹோஸ்டிங். சிறு கடைக்கு இது போதும், இதில் தப்பும் இல்லை. ஆனால் அதே சர்வரில் இருக்கும் இன்னொரு சைட்டில் வைரஸ் புகுந்து ஸ்பேம் கிளம்பினால், உங்கள் மெயிலும் தடைப்பட்டியலில் மாட்டும். இன்னொரு சைட்டுக்குக் கூட்டம் குவிந்தால் உங்கள் சைட் திணறும். ஒரு சர்வரில் எத்தனை கணக்கு ஏற்றுகிறார்கள் என்பதில்தான் ஹோஸ்டிங் நிறுவனத்தின் நேர்மை தெரியும்.

‘99.9 சதவீத அப்டைம்’ என்று எல்லோரும் எழுதுகிறார்கள். கணக்குப் போட்டால், ஆண்டுக்கு எட்டே முக்கால் மணி நேரம் சைட் படுத்திருக்கலாம் என்று அதற்குப் பொருள். 99 சதவீதம் என்றால் மூன்றரை நாளுக்கும் மேல். அந்த நாட்கள் ஆடித் தள்ளுபடி வாரத்தில் வந்து விழுந்தால் என்ன ஈடு தருவீர்கள் என்று கேட்க வாங்குகிறவருக்கு முழு உரிமை உண்டு.

மூன்றாவது வடிவமைப்பு. உலகின் வெப்சைட்டுகளில் 40 சதவீதத்துக்கு மேல் வேர்ட்பிரஸில் ஓடுகின்றன. 2003 மே 27-ல் வெளியான இலவச மென்பொருள் அது. ஊர் நிறுவனங்களும் பெரும்பாலும் அதில்தான் வேலை செய்கின்றன. இலவசமாகக் கிடைப்பதற்கு எதற்குப் பணம் என்று சிலர் கேட்கிறார்கள். பணம் மென்பொருளுக்கு இல்லை, உழைப்புக்கு.

அந்த உழைப்பு எப்படிப்பட்டது என்பதைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். கடைக்காரர் தன் கம்பெனி வரலாற்றையும் விலைப்பட்டியலையும் பிரஸ்ஸில் அடித்த பிரோஷரின் ஃபைலாகக் கொண்டுவந்து கொடுப்பார். பிரஸ்ஸில் அதைப் பாமினி எழுத்துருவில் தட்டியிருப்பார்கள். அதை அப்படியே சைட்டில் ஒட்டினால், தமிழ் முழுதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகச் சிதறி நிற்கும். மெய்யெழுத்தின் புள்ளிக்குப் பாமினியில் அரைப்புள்ளி விசைதான். யூனிகோடு கன்வெர்ட்டரில் போட்டால் தமிழ் திரும்பி வரும். ஆனால் இடையில் ஆங்கிலத்தில் இருந்த சொற்களெல்லாம் தமிழாக மாறிவிடும். விலைப்பட்டியலில் கிலோவைக் குறிக்கும் ஆங்கில ‘கேஜி’ இரண்டெழுத்தும் ‘மப’ என்று ஆகிவிடும். இருநூறு சரக்கு இருந்தால் இருநூறு இடத்தில் ‘மப’. டிசைனில் பயிற்சி பெற்ற ஒரு பெண் ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்து அதை வரி வரியாகச் சரிபார்ப்பார். வெளிநாட்டில் இருந்து மலிவாக விற்கும் எந்தப் பெரிய ஹோஸ்டிங் நிறுவனமும் இதைச் செய்து தராது. ஊர் நிறுவனத்துக்குக் கொடுக்கும் காசு இதற்குத்தான்.

நான்காவது பராமரிப்பு. கொட்டேஷனில் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான், பின்னால் மனக்கசப்பு கிளம்பும் இடமும் இதுதான். வேர்ட்பிரஸுக்கும் அதன் பிளக்-இன்களுக்கும் அடிக்கடி அப்டேட் வரும். பல அப்டேட்டுகள் வருவதே பாதுகாப்பு ஓட்டை ஒன்று வெளியில் தெரிந்துவிட்டதால்தான். ஓட்டை தெரிந்த பிறகு அப்டேட் போடாத சைட்டுகளைத் தேடிப் பிடிக்கத் தானியங்கி நிரல்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. ‘என் கடையை எவன் ஹேக் செய்யப் போகிறான்’ என்ற தெம்பு இங்கே செல்லாது. அந்த நிரல்கள் கடை பார்த்து வருவதில்லை, ஓட்டை பார்த்துத்தான் வருகின்றன.

தேதி தாண்டினால்

தீபாவளி முடியட்டும் என்ற அண்ணாச்சிக்கு வருவோம். டாட் காம் பெயர் காலாவதியான பிறகும் சாதாரண விலையில் புதுப்பிக்க ரெஜிஸ்ட்ரார் ஓர் அவகாசம் தரலாம். அதிகபட்சம் 45 நாள். ஆனால் அந்த அவகாசம் முழுதும் சைட் ஓடும் என்று நினைக்கக் கூடாது. காலாவதியான சில நாட்களிலேயே சைட்டும் மெயிலும் நின்றுவிடும். அதன் பிறகு 30 நாள் மீட்புக் காலம். இப்போது பெயரைத் திரும்ப எடுக்க வழக்கமான விலையைப் போலப் பல மடங்கு அபராதம் கட்ட வேண்டும். அதையும் தாண்டினால் 5 நாளில் பெயர் பதிவேட்டிலிருந்து அழிந்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றாகிவிடும். அப்படி விழும் பெயர்களைப் பிடிப்பதையே தொழிலாக வைத்திருக்கிறவர்கள் உண்டு. இருபது வருஷம் பெயர் வாங்கிய கடையின் முகவரியில் மறு வாரமே சூதாட்ட விளம்பரம் ஓடுவது இப்படித்தான்.

மறதி சிறு கடைக்கு மட்டும் உரியதில்லை. 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே பாஸ்போர்ட் டாட் காம் பெயரைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டது. ஹாட்மெயிலுக்குள் நுழைய அந்த முகவரி வேண்டும். மெயிலைத் திறக்க முடியாமல் ஆட்கள் தவித்தபோது, மைக்கேல் சேனி என்ற லினக்ஸ் புரோகிராமர் காரணத்தைக் கண்டுபிடித்துத் தன் கிரெடிட் கார்டிலிருந்து 35 டாலர் கட்டினார். உலகின் பெரிய மென்பொருள் நிறுவனத்துக்கு யாரோ ஒருவர் வந்து காசு கட்டினார். நம் கடைக்கு அப்படி ஒருவர் வரமாட்டார். எனவே டொமைனை ஒரே தடவையில் ஐந்து ஆண்டுக்குப் பதிந்துவிடுவது நல்லது. பத்து ஆண்டு வரை பதிய விதி இடம் தருகிறது.

பட்டா யார் பேரில்?

வீட்டைக் கட்டித் தருகிற மேஸ்திரி மனையின் பட்டாவையும் தன் பேரில் வாங்கி வைத்துக்கொண்டால் யாராவது ஒத்துக்கொள்வோமா? டொமைன் விஷயத்தில் தெரியாமலேயே ஒத்துக்கொண்டிருக்கிறோம்.

ஊர் நிறுவனம் டொமைன் பதியும்போது, உரிமையாளர் பெயர், மெயில், போன் என்று ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். அவசரத்தில் தன் கம்பெனிப் பெயரையும் தன் மெயிலையும் போட்டுவிடுவார்கள். பெரும்பாலும் இதில் கெட்ட எண்ணம் இருக்காது. வாடிக்கையாளருக்கு மெயில் பார்க்கும் பழக்கம் இல்லை, வெரிஃபிகேஷன் லிங்கை அவர் அழுத்தமாட்டார், 15 நாளுக்குள் அழுத்தாவிட்டால் டொமைன் முடங்கும் என்ற பயம். ஆனால் விளைவு ஒன்றுதான். பதிவேட்டின்படி கடையின் முகவரிக்கு உரிமையாளர் வெப் நிறுவனம். வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றத் தேவைப்படும் ரகசியக் குறியீடும் அவர்கள் மெயிலுக்குத்தான் வரும். நிறுவனம் நடத்திய தம்பி பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விடலாம், கூட்டாளிகள் பிரிந்துவிடலாம், போன் நம்பர் மாறிவிடலாம். அப்போது கடைக்காரர் தன் பெயருக்கே அந்நியர்.

உங்கள் நிலை என்ன என்று இன்றே சோதிக்கலாம். டாட் காம் என்றால், டொமைன் பெயர்களுக்கு உலக அளவில் விதி வகுக்கும் ஐகான் அமைப்பின் தேடல் பக்கத்திலும், டாட் இன் என்றால் நிக்ஸியின் பதிவேட்டுப் பக்கத்திலும் முகவரியைப் போட்டால் எந்த ரெஜிஸ்ட்ரார், என்று காலாவதி என்பது தெரியும். உரிமையாளர் பெயர் அந்தரங்கம் கருதி மறைக்கப்பட்டிருக்கலாம். அதற்கும் வழி இருக்கிறது. டாட் காம் போன்ற பெயர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை, ‘உங்கள் பதிவு விவரம் சரியா’ என்று உரிமையாளரின் மெயிலுக்கு நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது ஐகானின் விதி. அப்படி ஒன்று உங்களுக்கு வந்ததே இல்லையென்றால், அது வேறு யாருக்கோ போய்க்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்படலாம். உரிமையாளராகப் பதிவானவர் கேட்டால், மாற்றத்துக்கான ரகசியக் குறியீட்டை ஐந்து நாளுக்குள் ரெஜிஸ்ட்ரார் கொடுத்தாக வேண்டும்.

பெயரைக் காக்கச் சட்டமும் உண்டு. சத்யம் இன்ஃபோவே நிறுவனம் சிஃபிநெட் சொல்யூஷன்ஸ் மேல் தொடுத்த வழக்கில், 2004-ல் உச்ச நீதிமன்றம், வணிகச் சின்னத்துக்கு உள்ள தன்மைகள் டொமைன் பெயருக்கும் உண்டு, அதற்கும் பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது. சிஃபி என்று நாம் அறிந்த சென்னை நிறுவனம்தான் அந்த சத்யம் இன்ஃபோவே. டாட் இன் தகராறுகளுக்கு நிக்ஸியின் கீழ் தனி நடுவர் முறையும் இருக்கிறது. ஆனால் வழக்கு, நடுவர் என்று போனால் மாதங்கள் ஓடும், வக்கீல் செலவு வெப்சைட் செலவைத் தாண்டும். முதல் நாளே படிவத்தில் சரியான பெயரைப் போடுவதற்கு ஒரு நிமிஷம் ஆகும்.

முகவரிக்கு என்ன மதிப்பு என்பதை வங்கிகளைப் பார்த்தும் அறியலாம். போலி வங்கிப் பக்கங்களால் மக்கள் ஏமாறுவதைத் தடுக்க, இந்திய வங்கிகளுக்கென்றே ‘பேங்க் டாட் இன்’ என்று முடியும் தனி முகவரியை ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் அறிவித்து, அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் மாற வேண்டும் என்று கெடு வைத்தது. பதிவு செய்யும் பொறுப்பு ஐதராபாத்தில் உள்ள ஐடிஆர்பிடி அமைப்பிடம் மட்டும். கண்டவர் வாங்க முடியாத முகவரி என்பதே அங்கே பாதுகாப்பு. வங்கிக்கு முகவரி எவ்வளவு முக்கியமோ, ஜவுளிக் கடைக்கும் அவ்வளவு முக்கியம்தான்.

அறிவிப்பு வந்தால் படியுங்கள்

நல்ல வெப் நிறுவனம் ஆண்டுக்குச் சில முறை வாடிக்கையாளர்களுக்கு அறிவிப்பு அனுப்பும். பலர் அதைத் திறப்பதே இல்லை. ஒவ்வொன்றுக்கும் பொருள் இருக்கிறது.

‘பிஎச்பி பதிப்பை உயர்த்துகிறோம்’ என்று வந்தால், வேர்ட்பிரஸை ஓட்டும் மொழியின் பழைய பதிப்புக்குப் பாதுகாப்பு ஆதரவு முடிந்துவிட்டது என்று பொருள். பிஎச்பி 8.1-க்கு 2025 டிசம்பர் 31-ஓடு ஆதரவு முடிந்தது. ஏழெட்டு ஆண்டுக்கு முன் செய்த சைட் புதிய பதிப்பில் ஓடாமல் போகலாம். அதைச் சரிசெய்வது புது வேலை. அதற்கு நியாயமான கூலி கேட்டால் கொடுப்பதே முறை.

சைட்டுக்கும் பார்ப்பவருக்கும் இடையே போகும் தகவலைப் பாதுகாக்கும் ‘எஸ்எஸ்எல் சான்றிதழ்’ பற்றி வந்தால் இன்னும் கவனம். 2018 ஜூலை முதல், சான்றிதழ் இல்லாத சைட்டுகளைப் பாதுகாப்பற்றவை என்று குரோம் உலாவி காட்டுகிறது. லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு 90 நாள் சான்றிதழை இலவசமாகத் தருகிறது. சர்வர் அதைத் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். சான்றிதழின் அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச்சில் 100 நாள், 2029 மார்ச்சில் 47 நாள் என்று குறைக்க 2025-ல் முடிவானது. ஆண்டுக்கு ஒருமுறை கையால் மாட்டிவிடும் காலம் முடிந்தது. சாதாரணக் கடை சைட்டுக்கு எஸ்எஸ்எல் என்று ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் பில் வந்தால், எதற்கு என்று விளக்கம் கேளுங்கள்.

‘சர்வர் மாற்றுகிறோம்’ என்று வந்தால், எந்த இரவில் என்று கேட்டு வையுங்கள். பெயர் பழைய சர்வரிலிருந்து புதியதைக் காட்டத் தொடங்கும் அந்தச் சில மணி நேரத்தில் வரும் மெயில் பழைய இடத்தில் விழலாம். ஆர்டர் மெயில் வரும் கம்பெனி என்றால் பழைய பெட்டியையும் சில நாள் பார்த்துவரச் சொல்லுங்கள்.

‘கட்டணம் உயர்கிறது’ என்று வந்தால் உடனே கோபப்பட வேண்டாம். 2019-ல் சிபேனல் நிறுவனம், சர்வருக்கு இவ்வளவு என்றிருந்த கட்டணத்தைக் கணக்குக்கு இவ்வளவு என்று மாற்றியது. ஒரே சர்வரில் நிறையக் கணக்கு வைத்திருந்த சிறு ஹோஸ்டிங்காரர்களின் செலவு ஒரேயடியாக ஏறியது. டாலர் ஏறினாலும் இவர்கள் கணக்கு ஏறும். காரணத்தைத் திறந்து சொல்லும் நிறுவனம் நம்பத் தக்கது.

முன்பின் தெரியாத பெயரிலிருந்து, ‘உங்கள் டொமைன் முடியப் போகிறது, உடனே கட்டுங்கள்’ என்று மெயிலோ கடிதமோ வந்தால் மட்டும் காசு கட்டாதீர்கள். பதிவேட்டைப் பார்த்து முகவரியும் தேதியும் எடுத்துப் பலருக்கும் அனுப்பும் மோசடி அது. உங்கள் ஊர் நிறுவனத்துக்கு ஒரு போன் போட்டால் விஷயம் தெளிந்துவிடும்.

மெயிலும் பேக்கப்பும்

திருப்பூர், கரூர் ஏற்றுமதியாளர்களுக்கு சைட்டைவிட மெயில் முக்கியம். வெளிநாட்டு பையருக்கு இன்வாய்ஸ் போவதும் அதில்தான், மோசடி நுழைவதும் அதில்தான். கம்பெனி முகவரியில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி ஒரு டொமைன் வாங்கி, ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இங்கே அனுப்புங்கள்’ என்று எழுதுவது பழகிப்போன தந்திரம். எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று பதிவுகள் டொமைனில் இருந்தால், உங்கள் முகவரியையே போலியாகப் போட்டு அனுப்புவதைத் தடுக்கலாம். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாகூவும் இந்த விஷயத்தில் கண்டிப்பாகிவிட்டன. சரியான பதிவு இல்லாத மெயில் ஸ்பேமில் விழும் அல்லது திரும்பி வரும். எழுத்து மாற்றிய போலி டொமைனை இந்தப் பதிவுகள் தடுக்காது. கணக்கு மாற்றம் என்று வந்தால் போனில் கேட்டு உறுதி செய்யுங்கள் என்று பையரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பதுதான் அதற்கு மருந்து.

பேக்கப் பற்றிப் பேசும்போது ஸ்ட்ராஸ்பூர்க் தீயைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2021 மார்ச் 10 அதிகாலை, பிரான்ஸின் அந்த நகரத்தில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டடம் ஒன்று முழுதாக எரிந்தது. இணையத்தைக் கணக்கெடுக்கும் நெட்கிராஃப்ட் நிறுவனத்தின் கணக்கின்படி 36 லட்சம் வெப்சைட்டுகள் நின்றன. வேறு ஊரில் பேக்கப் வைத்திருந்தவர்கள் சில நாளில் எழுந்தார்கள். பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த பலர் எல்லாவற்றையும் இழந்தார்கள். ‘பேக்கப் எடுக்கிறோம்’ என்ற பதிலோடு நிற்காமல், எந்த இடத்தில், எத்தனை நாளுக்கு ஒருமுறை, கடைசியாக எப்போது திரும்ப ஏற்றிப் பார்த்தீர்கள் என்று கேட்க வேண்டும். மாதம் ஒருமுறை ஒரு பிரதி உங்கள் ஹார்டு டிஸ்க்கிலும் இருக்கட்டும்.

வாடிக்கையாளரின் பெயர், போன் நம்பர் வாங்கி வைக்கும் சைட்டுகளுக்குப் பொறுப்பு இப்போது கூடியிருக்கிறது. 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவின்படி, குறிப்பிட்ட வகை சைபர் தாக்குதல்களை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதத்துக்கு இடம் வைத்திருக்கிறது. ஆன்லைனில் விற்கிற கடை, இதில் தன் பொறுப்பு எது, வெப் நிறுவனத்தின் பொறுப்பு எது என்று ஒப்பந்தத்திலேயே பிரித்து எழுதிக்கொள்ள வேண்டும்.

அவர்கள் பக்க நியாயம்

ஊர் வெப் நிறுவனங்களின் சிரமத்தையும் சொல்லியாக வேண்டும். அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, படமும் விவரமும் கொடுக்காமல் மாதக்கணக்கில் இழுக்கும் வாடிக்கையாளர்கள் உண்டு. ‘சின்ன சேஞ்ச்தானே தம்பி’ என்று இலவசமாக வாங்கும் வேலைகள் சேர்ந்து சேர்ந்து ஒருவரின் முழு மாதத்தை விழுங்கும். ரினிவல் பணத்தைத் தன் கையிலிருந்து கட்டிவிட்டு வசூலுக்கு அலைகிறவர்கள் இந்தத் தொழிலில் நிறைய. தன் காசில் புதுப்பித்த டொமைனை எப்படி விட்டுக்கொடுப்பது என்ற ஆதங்கத்தில்தான் சிலர் அதைப் பிடியில் வைத்துக்கொள்கிறார்கள். பாக்கிக்கு ஹோஸ்டிங்கை நிறுத்தலாம், அது அவர்கள் தரும் சேவை. கடையின் பெயரைப் பிணையாக வைத்துக்கொள்வது முறையில்லை.

பெரிய நிறுவனத்தின் மலிவு ஹோஸ்டிங்கை ஆன்லைனில் நேராக வாங்கினால் காசு மிச்சமாகலாம். ஆனால் இரவு பத்து மணிக்கு சைட் நின்றால், ஆங்கில சாட் பெட்டியில் டிக்கெட் போட்டுக் காத்திருக்க வேண்டும். ஊர் நிறுவனத்தில் போனை எடுக்க ஒருவர் இருக்கிறார். கடைக்கு நேரில் வந்து லேப்டாப்பைத் திறந்து காட்டுவார். உங்கள் சீசன் எது, சரக்கு எது, வாடிக்கையாளர் யார் என்று அவருக்குத் தெரியும். நம் ஊர்ப் பிள்ளைகள் படித்துவிட்டு ஊரிலேயே பிழைக்க வழிசெய்யும் தொழில்களில் இதுவும் ஒன்று. அந்தத் தொழில் நிலைக்க வேண்டுமானால், பராமரிப்புக்கு ஆண்டு ஒப்பந்தம் போட்டு, அதற்குரிய பணத்தைத் தேதியில் கொடுக்க வேண்டும்.

கொட்டேஷனில் கையெழுத்துப் போடும் முன்

• டொமைன் என் பேரில், என் மெயிலில், என் போன் நம்பரில் பதிவாகுமா?

• டொமைன், ஹோஸ்டிங், வடிவமைப்பு, பராமரிப்பு நான்குக்கும் தனித்தனி விலை என்ன? இரண்டாம் ஆண்டு விலை என்ன?

• சர்வர் எந்த ஊரில்? பேக்கப் எந்த ஊரில்? கடைசியாக எப்போது திரும்ப ஏற்றிச் சோதித்தீர்கள்?

• ஆண்டு ஒப்பந்தத்தில் எத்தனை மாற்றங்கள் அடக்கம்? அதற்கு மேல் மணிக்கு என்ன கூலி?

• சைட் நின்றால் யாருக்கு போன் செய்வது? அவர் இல்லாவிட்டால் யாருக்கு?

• நான் வேறு நிறுவனத்துக்கு மாறினால், ஃபைல்களையும் டேட்டாபேஸையும் எத்தனை நாளில் ஒப்படைப்பீர்கள்?

• ரெஜிஸ்ட்ரார், ஹோஸ்டிங், வேர்ட்பிரஸ் மூன்றின் லாகினும் என்னிடம் ஒரு பிரதி இருக்குமா?

இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் எழுத்தில் பதில் தரும் நிறுவனத்தைத் தாராளமாக நம்பலாம். இன்னும் ஒரு படி மேலே போக, நிறுவனங்களே முன்வரலாம். வேலை முடிந்ததும் டொமைன் விவரம், காலாவதித் தேதிகள், லாகின்கள், பேக்கப் இருக்கும் இடம் எல்லாம் அடங்கிய ஒப்படைப்புக் கடிதம் ஒன்றைத் தாங்களாகவே கொடுப்பதை வழக்கமாக்கலாம். ஊர் வர்த்தக சங்கங்கள் அதற்கு ஒரு பொது மாதிரி தயாரித்து உறுப்பினர்களுக்குக் கொடுத்தால் ஆயிரம் தகராறுகள் மிச்சமாகும். ஏற்கெனவே தங்கள் பேரில் பதிந்து வைத்திருக்கும் டொமைன்களை வாடிக்கையாளர் பேருக்கு மாற்றித் தர இந்த ஆண்டே ஒரு தேதி வைக்கலாம். போட்டிக்காரர் வாடிக்கையாளரைத் தட்டிப் பறித்துவிடுவார் என்ற பயம் வேண்டாம். பூட்டு இல்லாமலேயே தங்கும் வாடிக்கையாளர்தான் அடுத்த கடைக்காரரிடம் உங்கள் பெயரைச் சொல்வார்.

கடைக்காரர்கள் செய்ய வேண்டியது அதைவிட எளிது. தீபாவளி முடியும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே உங்கள் வெப் நிறுவனத்துக்கு ஒரு போன் போடுங்கள். பாக்கி இருந்தால் முதலில் கட்டுங்கள். பிறகு, டொமைனை என் பேருக்கு மாற்றித் தாருங்கள் என்று உரிமையோடு கேளுங்கள். வேலை தெரிந்த, நேர்மையான நிறுவனம் சில நாளில் அதைச் செய்து முடித்துவிடும்.